அலுத்த உடம்பும் அவிழாத உடம்பும்

(கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில், சம்பா அறுவடை முடிந்த மாசி மாத மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இயன்முறை மருத்துவம் பார்ப்பவன். என்னிடம் வருகிறவர்கள் இடுப்பையோ முழங்காலையோ தோள்பட்டையையோ காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். தூக்கத்தைப் பற்றி யாரும் முதலில் சொல்வதில்லை. கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ராத்திரியில கண்ணு மூடவே மாட்டேங்குது தம்பி" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பலர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள். கூட வந்த வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். "நாள் பூரா வயல்ல குனிஞ்சு நிமிர்ற உடம்பு சார், படுத்தா தன்னால தூங்கணும். இது என்னத்தையாவது யோசிச்சுக்கிட்டே கெடக்கும்" என்பார்.

இன்றைக்கு நான் மறுத்துப் பேச வந்திருப்பது அந்த வீட்டுக்காரரை. அவர் சொல்வது நாம் எல்லாரும் நம்புகிற விஷயம்தான். உழைத்தவனுக்குத் தூக்கம் வரும், உட்கார்ந்து தின்பவனுக்குத்தான் வராது என்று சொல்லியே வளர்ந்தோம். அலுப்பு தூக்கத்தைத் தூண்டும் என்பது சரிதான். ஆனால் அலுத்துப்போன தசை தளர்ந்துவிட்ட தசை என்று எண்ணிக்கொள்கிறோமே, அது உண்மை இல்லை. இரண்டும் வெவ்வேறு நிலைகள். ஒரே கெண்டைக்கால் சதை மிகவும் களைத்தும் இருக்கலாம், மிகவும் இறுகியும் இருக்கலாம். நடவு நாளில் நடுராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அலறி எழுந்தவர்களுக்கு இதற்குமேல் சான்று வேண்டாம்.

உடலியல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. தசை சுருங்குவதற்குச் சக்தி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். விரிந்து தளர்வதற்கும் சக்தி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தசைக்குள் இரண்டு வகை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதால்தான் சுருக்கம் நடக்கிறது. பற்றிய பிடியை விடுவிக்கவும், சுருங்கச் சொன்ன கால்சியத்தை அதன் கிடங்குக்குத் திருப்பி ஏற்றவும் ஏடிபி என்ற சக்திப்பொருள் செலவாகிறது. உயிர் போன சில மணி நேரத்தில் உடம்பு விறைத்துப்போவது இதனால்தான். பிடியை விடச் சக்தி இல்லை. உயிருள்ள தசையில் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் களைத்த தசை, புதிய தசையைவிட மெதுவாகவே தளரும் என்பது ஆய்வகத்தில் பலமுறை காட்டப்பட்ட உண்மை. படுத்துத் தளரும் யோகாசனத்துக்குச் சவாசனம் என்று பிணத்தின் பெயரை வைத்தவர்கள் விறைத்த பிணத்தை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள் என்று நம்புவோம்.

இனி நடவைப் பார்ப்போம். நாற்று முடியை இடக்கையில் பிடித்து, வலக்கையால் பிரித்து, சேற்றில் ஊன்றி, பின்வாங்கி, மறுபடி ஊன்றுவது. இடுப்பு மடங்கியே இருக்கிறது. வரிசை பார்க்க வேண்டியிருப்பதால் கழுத்து மட்டும் நிமிர்ந்தே இருக்கிறது. விரல்கள் கிள்ளிய நிலையிலேயே இருக்கின்றன. சேறு காலைப் பிடித்து வைத்திருப்பதால் ஒவ்வொரு அடிக்கும் தொடை தனியாக உழைக்கிறது. 1950-களில் ஃபிளாய்ட், சில்வர் என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் முதுகுத் தசைகளில் மின்முனைகளை வைத்துப் பதிவு செய்தார்கள். ஒருவர் முழுக்கக் குனிந்துவிட்டால் முதுகுத் தசைகளில் மின்சலனம் அடங்கிவிடுவதைக் கண்டார்கள். எடையை அப்போது தசைநார்களும் வட்டுகளும் தாங்குகின்றன. உடம்பு தனக்குக் கிடைத்த ஓய்வை எடுத்துக்கொள்கிறது. ஆனால் நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களில் பலரிடம் அந்த அடக்கம் நிகழ்வதில்லை. அவர்களுடைய முதுகு குனிந்தபோதும் விடாமல் காவல் காக்கிறது. காவல் காத்த முதுகு பாயில் படுத்தவுடன் "சரி, வேலை முடிந்தது" என்று தானாக இறங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நடவுப் பெண்கள் மட்டும் இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, முறை வரும்வரை குவியலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறவர்களை நீங்கள் அறிவீர்கள். நீங்களே அப்படிக் கிடந்திருப்பீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அதனால் காது முழுக்க வானத்தில் இருக்கும். தார்ப்பாய் படபடத்தால் உடம்பு தூக்கிப் போடும். அங்கே படுத்திருப்பவர் ஓர் இரவு முழுக்க எழுந்து ஓடத் தயாரான நிலையில்தான் படுத்திருக்கிறார்.

இந்தத் தூக்கிப் போடுதல் என்ற ஒரு சின்ன விஷயத்திலிருந்துதான், உடம்பைத் தளர்த்தும் முறை நவீன மருத்துவத்துக்குள் வந்தது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கர், 1888-ல் சிகாகோவில் பிறந்தவர். 1908 வாக்கில் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, எதிர்பாராத பெரிய சத்தம் கேட்டால் மனிதர்கள் எப்படித் திடுக்கிடுகிறார்கள் என்று ஆராய்ந்தார். தசைகளை நன்றாகத் தளர்த்தி வைத்திருந்தவர்களிடம் அந்தத் திடுக்கிடல் வெகுவாகக் குறைந்திருந்தது. சத்தம் அதே சத்தம்தான். உடம்பு இருந்த நிலை மட்டும் வேறு. மனிதர் இதை விடவில்லை. 1929-ல் இந்த முறையை மருத்துவர்களுக்காகத் தடித்த நூலாக எழுதினார். 1934-ல் பொதுமக்களுக்கு ஒன்று எழுதினார். 1983-ல் இறக்கும்வரை அவருக்கு இதுதான் வேலை.

அவர் கண்டதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தசையில் ஓடும் மிகச் சிறிய மின்சாரத்தை, வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில், அளக்க அவர் கருவி செய்துகொண்டார். பயிற்சி பெற்ற ஒருவரைப் படுக்கவைத்து, வலக்கையை மடக்குவதாக மனதில் மட்டும் நினைக்கச் சொன்னார். கை அசையவில்லை. ஆனால் அந்தக் கையின் தசையில் மின்சலனம் பதிவானது. நினைப்பை நிறுத்தச் சொன்னதும் அது அடங்கியது. ஒரு பொருளை மனக்கண்ணில் பார்க்கச் சொன்னால், மூடிய இமைக்குள் கண்ணை அசைக்கும் தசைகள் வேலை செய்தன. மனதுக்குள் எண்ணிக்கொள்ளச் சொன்னால், நாக்கும் உதடும் மெல்லிய அளவில் துடித்தன.

இதற்கு நம் பக்கத்தில் என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். நாளைக்குக் காலையில் வரப்பு வெட்ட வேண்டும் என்று படுக்கையில் நினைக்கிறவரின் தோளில் ஒரு துளி வேலை அப்போதே நடக்கிறது. கூட்டுறவுச் சங்கத்துக் கடனுக்குப் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறவரின் நாக்கு ஓய்வில் இல்லை. "இது யோசிச்சுக்கிட்டே கெடக்கும்" என்று அந்த வீட்டுக்காரர் சொன்னாரே, அவர் யோசனையை உடம்புக்கு வெளியே எங்கோ நடக்கிற ஒன்றாக நினைத்தார். ஜேக்கப்சன் அதை உடம்புக்குள்ளேயே அளந்து காட்டினார். அதோடு நிற்காமல் திருப்பியும் சொன்னார்: கண்ணையும் நாக்கையும் தாடையையும் உண்மையாகவே தளர்த்த முடிந்தவருக்கு, யோசனையைத் தொடர்வதே கடினமாகிவிடும். யோசிக்காதே என்று ஒருவருக்குக் கட்டளை இட்டுப் பயனில்லை. தாடையை விடு என்று சொன்னால் அவரால் செய்ய முடியும்.

ஜேக்கப்சனின் மூல முறை நீண்டது. ஒரு தசைக்கே பல அமர்வுகள் ஆகும். 1958-ல் ஜோசஃப் வோல்ப்பே என்ற மனநல மருத்துவர் தன் சிகிச்சைக்காக அதைச் சுருக்கினார். 1973-ல் பெர்ன்ஸ்டைன், போர்க்கோவெக் இருவரும் உடம்பை 16 தசைக் குழுக்களாகப் பிரித்து ஒரு கையேடு எழுதினார்கள். இன்று உலகம் முழுக்கச் சொல்லித்தருவது பெரும்பாலும் இந்தச் சுருங்கிய வடிவம். இடையில் அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் பட் வின்டர் 1981-ல் ஒரு புத்தகம் எழுதினார். இரண்டாம் உலகப்போரில் விமானிகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை, இரண்டே நிமிடத்தில் தூக்கம் என்று இப்போது கைப்பேசியில் சுற்றும் காணொளிகளுக்கெல்லாம் மூலம் அதுதான். முறை மோசமில்லை, அடிப்படை ஒன்றுதான். ஆனால் இரண்டு நிமிடம் என்ற வாக்குறுதியை நம்பிப் படுக்காதீர்கள். நிமிடத்தை எண்ணுகிறவனுக்கு எந்த முறையும் உதவாது.

இவ்வளவு பேசியும் நம்முடையது எதையும் சொல்லவில்லையே என்று யாராவது நினைக்கலாம். பக்கத்தில் திருவாவடுதுறை இருக்கிறது. திருமூலர் அங்கே இருந்தவர் என்பது மரபு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்புகள் கொண்ட யோகத்தை விரித்துச் சொல்கிறது. அதனால் சிகாகோக்காரர் சொன்னதெல்லாம் திருமூலர் சொல்லியாயிற்று என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். நான் அப்படிப் பேச மாட்டேன். திருமூலரின் நோக்கம் தூக்கம் வரவழைப்பது இல்லை. அவருக்கு நேர் எதிரான கவலைகள் இருந்தன. தளர்ந்து படுப்பதைப் பற்றி நேராகப் பேசுவது சுவாத்மாராமர் எழுதிய ஹட யோகப் பிரதீபிகை. சவாசனம் களைப்பைப் போக்கி மனதுக்கு ஓய்வு தரும் என்று சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. அதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்து சோதித்தவர் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் இதய மருத்துவர் கே.கே. தாதே. இரத்தக் கொதிப்பு உள்ள 47 பேருக்குச் சவாசனம் பழக்கி, பலருக்கு அழுத்தம் குறைந்ததை 1969-ல் வெளியிட்டார். உறுப்பு உறுப்பாகக் கவனத்தைக் கொண்டுபோகும் யோக நித்திரையை முங்கேரில் சுவாமி சத்தியானந்த சரசுவதி வகுத்துப் பரப்பியதும் சென்ற நூற்றாண்டில்தான். பழைய பெயரில் இருப்பதெல்லாம் பழையது இல்லை. அதனால் அதன் பயன் குறைந்துவிடுவதும் இல்லை.

யோகத்தைவிட நம் ஊர்க் கோயில் வழக்கத்தில் எனக்குக் கற்க அதிகம் இருப்பதாகத் தோன்றும். அர்த்தசாமத்தில் பள்ளியறைப் பூசை பார்த்திருப்பீர்கள். சுவாமியின் திருவடியைப் பல்லக்கில் வைத்துப் பிராகாரம் சுற்றி, அம்பாள் சன்னிதிப் பக்கம் கொண்டுபோய், ஊஞ்சலில் வைத்து, ஓதுவார் பாடி, பால் நிவேதனம் செய்து, விளக்கைக் குறைத்து, பிறகுதான் கதவு சாத்துவார்கள். நாயனத்தில் நீலாம்பரி ராகம் வரும். தியாகையர் இராமனை ஊஞ்சலாட்டும் 'உய்யாலலூகவய்யா'வும் நீலாம்பரிதான். சந்நிதியில் அலங்காரமும் தீபாராதனையும் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று கதவைச் சாத்திவிட்டுத் தூங்கு என்று சாமியிடம் யாரும் சொல்வதில்லை. விழிப்புக்கும் தூக்கத்துக்கும் இடையில் ஒரு பொழுது வேண்டும் என்று இந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் யாருக்குத் தெரிந்திருந்தது, யாருக்குக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தஞ்சாவூர் வீடு என்றால் திண்ணை, முற்றம், ஊஞ்சல் என்று எழுதுகிறார்கள். அது ஊஞ்சல் இருந்தவர்களின் வீடு. பண்ணையாளுக்கு மாலை என்று ஒன்று தனியாக இருந்ததில்லை. ஆண்டையின் மாட்டைக் கட்டி, தண்ணீர் காட்டி, விடிவதற்கு முன் ஏர் கட்ட வேண்டியவனுக்குப் படுப்பதும் எழுவதும் அவன் கையில் இல்லை. 1952-ல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே அவன் கூலியும் வேலையும் சட்டத்தின் பார்வைக்குள் வந்தன. பெண்களுக்கு அதற்குப் பிறகும் மாலை வரவில்லை. வயலிலிருந்து வந்து உலை வைத்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய கையோடு படுக்கிறார்கள். என்னிடம் வருகிற நடவுப் பெண்ணுக்கு விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே கால் நாழிகை கூட இல்லை. அவளுக்குத் தியானம் செய்யச் சொல்வதற்கு முன், பாத்திரத்தை வேறு யாராவது கழுவ வேண்டும். வீட்டுக்காரர்கள் இங்கே நிறைய வந்திருப்பதால் சொல்லிவைக்கிறேன்.

இனி முறைக்கு வருகிறேன். படுப்பதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு முன் வெந்நீரில் குளிக்க முடிந்தால் குளியுங்கள். முடியாவிட்டால் முழங்கால்வரை வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். தூங்கப்போகும் உடம்பு தன் உள்வெப்பத்தைக் கை கால் வழியாக வெளியேற்றுகிறது. பாதத்துக்கு இரத்தம் நன்றாகப் பாய்ந்து அது கதகதப்பானால் தூக்கம் விரைவில் வரும் என்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் 1999-ல் காட்டினார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2019-ல் வெளியிட்டதும் அதையே சொல்கிறது: படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு, 40 முதல் 42.5 டிகிரி வெந்நீரில் குளித்தால் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகத் தூக்கம் வருகிறது. பாட்டிமார் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டதை நான் ஆய்வு என்று சொல்ல மாட்டேன். தேய்த்த கையின் சூடும் அழுத்தமும் வீணாகப் போயிருக்காது.

பிறகு பாய். முசிறிக் கோரைப்பாய் போதும். தரையில் படுத்தால் முதுகு வலிக்கிறவர்கள் மேலே ஒரு சமக்காளத்தை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். நடவு, அறுப்பு நாட்களில் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் கட்டில் மேலோ நாற்காலி மேலோ தூக்கி வைத்து, இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையில் ஐந்து நிமிடம் இருங்கள். நாள் முழுக்கத் தாங்கிய இடுப்புக்கு எடை இல்லாத நிலை அதுதான். இதை மட்டும் செய்து, மீதியை விட்டுவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

அடுத்து கை. வலக்கை விரல்களை மடக்கிக் கொஞ்சம் இறுக்குங்கள். முழுப் பலத்தில் வேண்டாம். ஐந்தாறு நொடி போதும். இறுக்கும்போது முன்கையில் எங்கே, எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். பிறகு சட்டென்று விட்டுவிடுங்கள். விட்ட பிறகு அரை நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள், கவனம் மட்டும் அங்கே இருக்கட்டும். பலர் இறுக்குவதுதான் பயிற்சி என்று நினைத்து, நடவு நட்ட கையை மறுபடி வேலை வாங்குகிறார்கள். இறுக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு அடையாளம் காட்டத்தான் அந்த ஐந்தாறு நொடி. சில வாரத்தில் அடையாளம் தெரிந்துவிட்டால் இறுக்காமலேயே விடலாம். ஜேக்கப்சன் விரும்பியதும் அதுதான். சுருக்கிய கையேடுகளில் இந்த விஷயம் கொஞ்சம் மங்கிவிட்டது.

முறைப்பாசனம் போலத்தான் இது. எல்லா வாய்க்காலையும் ஒரே நாளில் திறந்தால் கடைமடைக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஒன்றை முடித்து அடுத்ததுக்குப் போக வேண்டும். உடம்பு முழுவதையும் ஒரே மூச்சில் தளர்த்த முயன்றவர்கள் ஒரு விரலைக்கூடத் தளர்த்தியிருக்க மாட்டார்கள். வலக்கை, இடக்கை, நெற்றி, கண், தாடை, நாக்கு, தோள், வயிறு, தொடை, கால் என்று போங்கள். தோளைக் காது வரை தூக்கி விடுங்கள். தலையில் சுமை தூக்குகிறவர்களுக்கு அங்கேதான் பாதி இறுக்கம் தங்கியிருக்கும். காலுக்கு வரும்போது விரல்களைக் கீழ்நோக்கி நீட்டாதீர்கள். அப்படிச் செய்தால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். விரல்களை முழங்காலைப் பார்த்து மேலே வளையுங்கள். வலிக்கிற இடத்தை இறுக்கவே வேண்டாம், மனதால் தொட்டுவிட்டு நகருங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. மூச்சை எண்ண வேண்டாம், அளக்க வேண்டாம். வெளியே விடும் மூச்சு உள்ளே இழுப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தானாக இறங்கும்.

முகத்தில் அவசரப்படாதீர்கள். பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறோம். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கடிக்கிறோம். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருப்பதுதான் தாடையின் ஓய்வு நிலை. உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கு வாய்க்குள் எங்கேயும் அழுத்தாமல் கிடக்கட்டும். மூடிய இமைக்குள் கண் எதையும் பார்க்க முயலாமல் இருக்கட்டும். சங்கத்துக் கடன் அப்போதும் வரும். வந்தால் சண்டை போடாதீர்கள். நாக்கு அசைகிறதா என்று பாருங்கள், அசைந்தால் விடுங்கள். அவ்வளவுதான்.

கால் மணி, இருபது நிமிடம் ஆகும். முதல் சில நாட்களுக்கு இதை இரவில் செய்யாமல் பகலில், தூங்க வேண்டிய கட்டாயம் இல்லாத நேரத்தில் பழகுங்கள். பழகாத முறையைத் தூக்கம் வராத இரவில் முதன்முதலாகச் செய்தால், "வந்துடுச்சா, வந்துடுச்சா" என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். இருபது நிமிடத்துக்கு மேல் விழித்தே கிடப்பதாகத் தோன்றினால் எழுந்து திண்ணையில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்ப வாருங்கள். கைப்பேசியை உள்ளேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இது எதற்கு உதவாது என்றும் சொல்ல வேண்டும். பெரிய சத்தத்தோடு குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி விழிப்பவருக்கு இது போதாது. அது மூச்சுத்தடை நோயாக இருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும். படுத்தாலே கால் குடைந்து, ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் நிம்மதி என்பவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை வேண்டும். எதிலும் பிடிப்பு இல்லை, விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே விழித்து அழுகை வருகிறது என்றால் அது தசையின் பிரச்சினை இல்லை. வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ, மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் அதை நாள்பட்ட நோயாகவே கணக்கில் எடுப்பார்கள். 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரைக்கு முன் நடத்தைச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. தளர்வுப் பயிற்சி அந்தச் சிகிச்சையில் ஒரு பகுதியாகச் சேர்வதுண்டு. தனியாகவும் அதற்குப் பயன் உண்டு என்று 2021-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவர்களின் வழிகாட்டி மிதமாகப் பரிந்துரைக்கிறது. மிதமாக என்பதைக் கவனியுங்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கி விழுங்குவதைப் பற்றி நான் நீட்டிப் பேசத் தேவையில்லை.

சாராயக் குவார்ட்டரைப் பற்றியும் பேச வேண்டும். "உடம்பு வலிக்கு" என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள். சாராயம் தசையைத் தளர்த்தும், சீக்கிரம் தூங்கவைக்கும், இரண்டும் உண்மை. அது உடம்பில் கரைந்து தீர்ந்ததும், இரவின் பின்பாதி துண்டு துண்டாகும். தொண்டைத் தசையும் கூடவே தளர்வதால் குறட்டையும் மூச்சுத்தடையும் மோசமாகும். காலையில் எழும்போது அலுப்பு அப்படியே இருக்கும். அதற்கு அன்றைக்கும் ஒரு குவார்ட்டர் வேண்டியிருக்கும்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு கிடப்பவருக்கு நான் தாடையை விடு என்று சொல்வது கேலியாகத் தோன்றலாம். அவருக்கு வேண்டியது கூரை போட்ட கிடங்கும் விரைவான எடையும்தான். அதைப் பயிற்சியால் ஈடுகட்ட முடியாது. ஆனால் நான்கு குவியல்காரர்கள் சேர்ந்து முறை வைத்துக் காவல் இருக்கலாம். ஒருவர் விழித்திருக்கிறார் என்று தெரிந்தால் மற்ற மூவரின் உடம்பு காவலை விடும். தனித்தனியாக நான்கு பேரும் அரைத் தூக்கம் தூங்குவதைவிட அது மேல்.

கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு பெரியவர் கேட்டுவிட்டார்: மும்முனை மின்சாரம் ராத்திரி ஒரு மணிக்கு வருகிறது, மோட்டார் போடப் போய்விட்டு வந்தால் விடியும்வரை தூக்கம் இல்லை, என்ன செய்வது? ஐயா, டார்ச்சைக் காலுக்கு முன்னால் தரையில் அடியுங்கள், கண்ணில் படவிடாதீர்கள். பாம்பு கிடந்தாலும் தெரியும். வந்ததும் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, மணி பார்க்காமல் படுங்கள். இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டால் உடம்பு மறுபடி வேலைக்குத் தயாராகிவிடும். முழு முறையும் செய்ய வேண்டாம். தோள், தாடை, நாக்கு, இந்த மூன்று மட்டும். இங்கே மட்டும் இருபது நிமிடத்தில் எழ வேண்டாம்; தூக்கம் வராவிட்டாலும் அப்படியே படுத்திருங்கள், விடியும்வரையான ஓய்வு முதுகுக்காவது கிடைக்கும். மறுநாள் மதியம் அரை மணி நேரம் கண் அயரலாம். மூன்று மணிக்கு மேல் வேண்டாம், அன்றைக்கு ராத்திரித் தூக்கத்தில் அது கை வைக்கும்.